நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை: வருஷக்கணக்கில் இருப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

டெல்டாக்காரன்:

வணக்கம் நண்பர்களே. சென்னை ஓ.எம்.ஆரில் எங்கள் கம்பெனி எடுத்திருந்த அலுவலகத் தளத்தைக் காலி செய்துவிட்டார்கள். இனி எல்லோருக்கும் வீடுதான் அலுவலகம் என்று மெயில் வந்துவிட்டது. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். அப்புறம் வாரத்தில் மூன்று நாள் வரச் சொன்னார்கள், மறுபடி சென்னைக்குக் குடிபோனோம். இப்போது நிரந்தரம் என்றதும் வாடகை வீட்டை விட்டுவிட்டு மனைவி, மகளோடு மன்னார்குடிக்கே வந்துவிட்டேன். அப்பா அம்மாவோடு ஒரே வீடு. மாடியில் ஓர் அறை எனக்கு.

வாடகை மிச்சம். மகள் தாத்தா பாட்டியோடு வளர்கிறாள். அதில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இது ஊரடங்கு காலம் மாதிரி இல்லை. அப்போது ஊரே வீட்டில் இருந்தது, இப்போது நான் மட்டும்தான் இருக்கிறேன். காலை பதினோரு மணிக்குக் கிளையன்ட்டோடு பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா கீழேயிருந்து, "வீட்லதானே இருக்க, கேஸ்காரர் வந்திருக்கார், சிலிண்டரை உள்ளே எடுத்து வை" என்று கூப்பிடுகிறார். அப்பாவை பேங்குக்குக் கூட்டிப்போக நான். ரேஷன் கடைக்கு நான். சொந்தக்காரர்கள் வந்தால் நேராக மாடி ஏறிவந்து கட்டிலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். எழுந்து போகச் சொல்ல வாய் வருமா? பகலில் போன நேரத்தை ஈடுகட்ட ராத்திரி பதினொன்று வரை உட்கார்கிறேன். வேலை முடிந்தது என்று சொல்ல ஒரு நேரமே இல்லாமல் போய்விட்டது. கழுத்துவலி வேறு.

ஒரு மாதம், இரண்டு மாதம் ஓட்டுவதற்கான யோசனைகள் யூடியூபில் நிறைய கிடைக்கின்றன. எனக்குத் தெரிய வேண்டியது வேறு. ஐந்து வருஷம், பத்து வருஷம் இப்படியே இருப்பவர்கள் வீட்டாரோடும், உடம்போடும், மேலதிகாரிகளோடும் எப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தீர்கள்? விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நொய்யல்கரை:

சகோ, உங்களுக்குச் சிலிண்டர் என்றால் எனக்குக் குக்கர். கோயம்புத்தூரில் மாமனார் மாமியாரோடு இருக்கிறேன். இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் டீமுக்கு லீட். என் வீட்டுக்காரரும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார். ஒரே வீடு, ஏறக்குறைய ஒரே வேலை நேரம். ஆனால் வாசலில் பெல் அடித்தால் எழுந்து போவது நான். குழந்தை அழுதால் எழுந்து போவது நான். அவர் ஹெட்செட் மாட்டியிருந்தால் அது வேலை, நான் மாட்டியிருந்தால் யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விஷயம் இல்லை. உங்கள் மனைவி வேலைக்குப் போகிறவரா என்று நீங்கள் சொல்லவில்லை. போகாதவர் என்றாலும், நீங்கள் நாள் முழுக்க வீட்டில் இருப்பதால் அவருக்கு என்னென்ன வேலை கூடியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வாயால் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எதுவும் மாறவில்லை. மாறியது வேறு விதமாக. ஒரு நாள் அத்தையைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொண்டேன். அன்றைக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் ஒரு கிளெய்ம் தள்ளுபடி ஆன விஷயமாக அரைமணி நேரம் கத்தினார். நான் பதில் சொல்லிக்கொண்டே ஃபைலைத் தேடுவதையும், நடுவில் டீமில் இரண்டு பேர் சந்தேகம் கேட்பதையும் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது அவருக்கு. முடிந்ததும், "இப்படித்தான் தினமும் திட்டு வாங்கறியா?" என்றார். அன்றிலிருந்து வேலை நேரத்தில் யாராவது என்னைக் கூப்பிட்டால் அவரே தடுக்கிறார். பெரியவர்கள் நம் வேலையைப் பார்த்ததே இல்லை சகோ. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாம் உட்கார்ந்திருப்பதுதான். உங்கள் அப்பாவை ஒரு நாள் அறைக்குக் கூப்பிடுங்கள்.

மற்ற ஏற்பாடுகள் சின்னவை. கதவுத் தாழ்ப்பாளில் ஒரு துண்டு தொங்கினால் போன் கால் போய்க்கொண்டிருக்கிறது, கதவைக்கூடத் தட்டக்கூடாது. துண்டு இல்லையென்றால் தாராளமாக வரலாம். எந்நேரமும் வராதே என்றால் யாரும் கேட்கமாட்டார்கள், எப்போது வரலாம் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் வரை எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, போன் மாடியிலேயே இருக்கும். வாசல் பெல் இனி என் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு சண்டைக்குப் பிறகு முடிவாயிற்று. பேங்க், ஆஸ்பத்திரி வேலைகளைச் சேர்த்துவைத்து மாதம் ஒருமுறை அரைநாள் லீவு போட்டே முடிக்கிறேன். வேலை நேரத்துக்கு நடுவில் ஒளித்துச் செய்வதைவிட லீவு போடுவது நிம்மதி. அலுவலகத்துக்குப் போய்வந்த காலத்தில் அப்படித்தானே செய்தோம்.

தாம்பரம் டு சிறுசேரி:

மேலே அக்கா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் மறுபக்கத்தையும் யாராவது எழுத வேண்டும். நான் தாம்பரத்திலிருந்து சிறுசேரிக்குப் போய்வந்தவன். மேடவாக்கம் கூட்டுரோடு, அப்புறம் சோழிங்கநல்லூர் சிக்னல், அதன்பின் மெட்ரோ வேலைக்காகக் குறுகிப்போன ஓ.எம்.ஆர். மழை பெய்தால் பள்ளிக்கரணையில் தண்ணீர். போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம் சாதாரணம். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம் பேசத் தெம்பு இருக்காது.

இப்போது அந்த நேரம் முழுக்க என் கையில். காலையில் பையனைப் பள்ளியில் விடுகிறேன். சாயங்காலம் அவனோடு கிரிக்கெட். தனிமை தனிமை என்று எல்லோரும் சொல்கிறார்களே, க்யூபிக்கிளில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பக்கத்து நாற்காலிக்காரனுக்கே மெசேஜ் அனுப்பிய வாழ்க்கையில் என்ன கூட்டம் இருந்தது? எனக்கு இது போதும். யார் கூப்பிட்டாலும் திரும்பப் போகமாட்டேன்.

புதுவைக் கடற்கரை:

தாம்பரம் தம்பிக்கு ஒரு வார்த்தை. இது கிடைத்த புதிதில் நானும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

நான் புதுச்சேரி. வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் கோர்ப்பது, பிழை பார்ப்பது என் தொழில். எங்கள் ஊரிலும் சென்னையிலும் இந்த வேலை செய்யும் கம்பெனிகள் நிறைய உண்டு. 2011 முதல் வீட்டிலிருந்து செய்கிறேன், அதாவது கொரோனாவுக்கு ரொம்ப முன்னாலிருந்தே. அதனால் டெல்டாக்காரர் கேட்ட நீண்டகாலக் கேள்விக்கு என்னிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது.

முதல் வருஷம் விடுதலை. பஸ் இல்லை, டிபன் கேரியர் இல்லை, நினைத்தபோது ஒரு காபி. இரண்டாவது வருஷமும் அப்படித்தான் போகும். அப்புறம் மெதுவாக உலகம் சுருங்கத் தொடங்கும், நமக்கே தெரியாது. புடவை கட்டுவது குறையும். வெளியே போக வேண்டிய வேலையை ஆன்லைனில் முடித்துக்கொள்வோம். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று தட்டிக்கழிப்போம், உண்மையில் வேலை இருக்காது. புது ஆட்களோடு பேசும்போது வார்த்தை தடுமாறும். தம்பி, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரோடு நீங்கள் பேசவில்லை என்பது சரி. ஆனால் டீக்கடையில் நின்றீர்கள், லிஃப்டில் தலையாட்டினீர்கள், செக்யூரிட்டி அண்ணனிடம் ஊர்க்கதை கேட்டீர்கள். யாரோ ஒருவர் உங்களைப் பார்த்து "என்ன சார், இளைச்சிட்டீங்க" என்றார். அந்த அரைகுறைப் பழக்கங்கள்தான் முதலில் போகும். நெருங்கிய நண்பர்கள் போனில் இருப்பார்கள், அவர்கள் போகமாட்டார்கள்.

அதனால் நான் வாரத்தில் ஒரு நாள் முழுக்க மனிதர்கள் நடுவில் இருப்பேன். புதன்கிழமை. அன்றைக்குக் கோர்க்கும் வேலை எடுப்பதில்லை, பிழை பார்க்கும் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு தோழியின் தையல்கடைக்குப் போய்விடுவேன். அங்கே பத்துப் பேர் வந்துபோவார்கள். பேச்சு நடக்கும், என் வேலையும் நடக்கும். வேலை அன்று குறைவாகத்தான் முடியும், முடியட்டும். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் நான் இந்த வேலையை எப்போதோ விட்டிருப்பேன்.

இன்னொன்று, வேலையை முடிக்கும் நேரம். காலையில் தொடங்குவதற்கு எல்லோரும் வழி சொல்வார்கள், குளித்து நல்ல சட்டை போடுங்கள் என்று. தொடங்குவது கஷ்டமே இல்லை, எட்டரைக்கு மெயில் வந்தால் தானாகத் தொடங்கும். முடிப்பதற்குத்தான் யாரும் இல்லை. முன்பு கம்பெனி வேன் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பும், அதை விட்டால் வீட்டுக்கு வழியில்லை என்பதால் எழுந்தோம். இப்போது அந்த வேனை நாமே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். நம்மை நம்பி இன்னொருவர் காத்திருக்கிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் நாம் எழுவோம். நான் ஆறு மணிக்கு மூன்று பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். அவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். கம்ப்யூட்டரை மூடித்தான் ஆக வேண்டும்.

தாம்பரம் டு சிறுசேரி:

அக்கா, நீங்கள் எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். டீக்கடை விஷயம் உண்மை. ஆனாலும் நாள் ஒன்றுக்கு மூன்றரை மணி நேரம் ரோட்டில் போவதற்கு அது ஈடாகாது என்பதில் மாற்றமில்லை.

தாமிரபரணி நைட் ஷிப்ட்:

அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இங்கே வேறு யாரும் இருக்கிறீர்களா? பாளையங்கோட்டையில் இருக்கிறேன், மெடிக்கல் கோடிங். அங்கே நியூயார்க் பக்கம் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்குச் சாயங்காலம் ஆறரை, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் ஏழரை. மார்ச் இரண்டாவது ஞாயிறு மறுபடி ஆறரைக்கு வந்துவிடும். ஒரு மணி நேரம்தானே என்று தோன்றும். ஆனால் நவம்பரில் தூங்கப் போகும்போது வெளிச்சம் வந்துவிடும், உடம்பு ஒத்துக்கொள்ள வாரக்கணக்காகும்.

எங்கள் பிரச்சனை பகல் தூக்கம். அலுவலகத்துக்குப் போய் நைட் ஷிப்ட் பார்த்தபோது வேனில் களைத்து வந்து இறங்குவதைத் தெருவே பார்த்தது, தூங்க விட்டார்கள். இப்போது ராத்திரி விழித்திருந்ததை யாரும் பார்ப்பதில்லை. காலை பத்து மணிக்குப் படுத்திருந்தால் "இன்னும் எழுந்திருக்கலையா?" என்கிறார்கள். கெட்டியான கறுப்புத் திரை போட்டேன், காதுக்குப் பஞ்சு. அதைவிடப் பெரிய உதவி, விடுமுறை நாளிலும் தூக்க நேரத்தை ரொம்ப மாற்றாமல் இருப்பது. சனி ஞாயிறு எல்லோரையும் போல ராத்திரி தூங்கினால் திங்கள் செத்தோம். நடு ராத்திரியில் வயிறு நிறையச் சோறு வேண்டாம், ஷிப்டுக்கு முன்பே சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்கு ஏதாவது லேசாக. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே எழுந்து அரைமணி நேரம் வெளியே நடக்கிறேன். வெயிலே படாமல் இருந்து, ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்த பிறகு டாக்டர் சொன்னது இது.

மாடி இன்வெர்ட்டர்:

வீட்டார், மனசு எல்லாம் பேசுகிறீர்கள், நல்லது. கரண்டும் நெட்டும் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்த மனசே கெட்டுவிடும் என்பதால் என் பங்கு. தஞ்சாவூரில் இன்வெர்ட்டர், சோலார் போட்டுக்கொடுக்கும் வேலை எனக்கு.

மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்தினால் காலை 9 மணிக்கு எடுத்து, ஊரைப் பொறுத்து மதியம் 2 மணியோ மாலை 5 மணியோ ஆகும். அதைத் தாங்குகிற மாதிரிக் கணக்குப் போடுங்கள். 12 வோல்ட், 150 ஏ.ஹெச் டியூபுலர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் அவர். கைக்குக் கிடைப்பது மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், 1200. லேப்டாப், தனி மானிட்டர், மோடம், ஒரு டியூப்லைட், பழைய மாடல் ஃபேன் எல்லாம் சேர்ந்து சுமார் 170 வாட். ஆக ஏழு மணி நேரம் வரும். பழைய ஃபேன் மட்டுமே 75 வாட் இழுக்கும். அதை எடுத்துவிட்டு பி.எல்.டி.சி ஃபேன் போட்டால் 30 வாட்டில் முடியும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன் ஃபேனை மாற்றுங்கள். டிஸ்டில்ட் வாட்டர் அளவை அவ்வப்போது பாருங்கள். நான் போகிற வீடுகளில் பாதிப் பேட்டரி தண்ணீர் இல்லாமல்தான் சாகிறது.

நிறையப் பேர் கேட்பது: "இன்வெர்ட்டர் இருக்கு, ஆனா கரண்ட் போனதும் வி.பி.என் கட் ஆகுதே?" (வி.பி.என் என்றால் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் தொடர்பு.) இன்வெர்ட்டரில் ஒரு சுவிட்ச் இருக்கும், யு.பி.எஸ் மோட், நார்மல் மோட் என்று. நார்மலில் இருந்தால் மாறுவதற்கு எடுக்கும் அந்தக் கண்ணிமைப்பில் மோடம் அணைந்து மறுபடி எழும், இரண்டு மூன்று நிமிஷம் போய்விடும். யு.பி.எஸ் மோடில் போட்டால் அணையாது. அப்படியும் அணைந்தால் மோடத்துக்கு மட்டும் ஒரு குட்டி யு.பி.எஸ் வாங்கி நடுவில் மாட்டிவிடுங்கள்.

அடுத்து, உங்கள் வீட்டில் எல்லாம் எரிகிறது, ஆனால் நெட் வராது. அதற்குக் காரணம் தெருவில். சில ஊர்களில் கேபிள்காரர் யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஒரு பெட்டி மாட்டி, அதற்குள் ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து வீடுகளுக்குச் சாதா நெட்வொர்க் வயர் இழுத்திருப்பார். அந்த வீட்டில் கரண்ட் போனால் உங்கள் நெட்டும் போச்சு. ஃபைபரே வீட்டுக்குள் வந்து மோடத்தில் சொருகியிருந்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. நடுவில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் வெளிச்சத்தைப் பிரிக்கும் கண்ணாடிதான், அதற்குக் கரண்டே வேண்டாம். புது கனெக்‌ஷன் எடுப்பவர்கள் வேகத்தைக் கேட்பதற்கு முன்னால் வீட்டுக்குள் வருவது ஃபைபரா வயரா என்று கேளுங்கள். கடைசித் துணைக்கு வேறு கம்பெனி சிம் ஒன்று போனில் இருக்கட்டும்.

டெல்டாக்காரன்:

அண்ணா, இவ்வளவு தெளிவாக எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. எங்களுக்கு வருவது வயர்தான். பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன்.

நொய்யல்கரை அக்கா, மனைவியிடம் கேட்டேன். காலையில் இரண்டாவது காபி, பதினொன்றரைக்கு ஏதாவது கொறிக்க, மதியம் சூடாகச் சாப்பாடு, நாலு மணிக்கு டீ, இதோடு நான் கால் பேசும்போது குழந்தையைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது என்று வரிசையாகச் சொன்னாள். சென்னையில் இருந்தபோது பகலில் இரண்டு மணி நேரம் அவளுக்கென்று கிடைக்குமாம், இங்கே அது இல்லை என்றாள். கேட்கச் சொன்னதற்கு நன்றி.

இன்னொரு கவலையும் உண்டு. கண்ணில் படாமல் இருந்தால் பிரமோஷன் கிடைக்குமா?

நேர்காணல் அறை:

பணியாளர் நிர்வாகத்தில் இருக்கிறேன், அதனால் இதற்கு மட்டும் பதில். உங்கள் கவலை நியாயமானதுதான்.

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுகிற ஆய்வு, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் நிக்கோலஸ் ப்ளூமும் அவர் கூட்டாளிகளும் சீட்ரிப் என்ற சீனப் பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் நடத்தியது. 2010 கடைசியில் தொடங்கி ஒன்பது மாதம். விருப்பம் தெரிவித்தவர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேரை வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அந்த 13 சதவீதத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். கூடவே வந்த மற்ற செய்திகளைச் சொல்லமாட்டார்கள். வீட்டில் தனி அறை இருப்பவர்களைத்தான் சேர்த்துக்கொண்டார்கள். கூடியதில் பெரும்பங்கு, இடைவேளையும் உடல்நலமில்லா லீவும் குறைந்து அதிக நேரம் உழைத்ததால் வந்தது. ஒரே அளவு வேலை செய்தவர்களை ஒப்பிட்டால் வீட்டிலிருந்தவர்களுக்குப் பிரமோஷன் குறைவு. ஆய்வு முடிந்து விருப்பம்போல் இடம் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது பாதிக்கு மேற்பட்டோர் மாறிக்கொண்டார்கள். தனிமை தாங்காமல் அலுவலகம் திரும்பியவர்கள் அதில் உண்டு. அப்படி அவரவர் பொருத்தமான இடத்துக்குப் போனதும் பலன் 22 சதவீதம் வரை கூடியது. தாம்பரம் தம்பியும் புதுவை அக்காவும் இருவருமே சரி என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அதே நிறுவனத்தில் பின்னாளில் 1612 பேரை வைத்து, வாரம் இரண்டு நாள் வீடு, மூன்று நாள் அலுவலகம் என்று பார்த்தார்கள். 2024 ஜூனில் நேச்சர் இதழில் வந்தது. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, பிரமோஷனில் வித்தியாசமே இல்லை. ஆக ஆபத்து முழுக்க முழுக்கக் கண்ணில் படாமல் போவதில்தான்.

உங்களுக்கு அலுவலகமே இல்லை என்பதால் எல்லோரும் ஒரே நிலைமை, அந்த மட்டில் நல்லது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலை மேனேஜருக்கு ஐந்தாறு வரியில் எழுதுங்கள்: இந்த வாரம் முடித்தது, மாட்டிக்கொண்டு நிற்பது, அடுத்த வாரம் எடுப்பது. புகழ்ந்துகொள்ள வேண்டாம், தகவல் போதும். வருஷக் கடைசியில் மதிப்பீடு எழுத உட்காரும்போது அவருக்கு முன்னால் இருப்பது அந்த மெயில்கள்தான். டீம் ஆட்கள் சென்னையில் கூடினால் செலவைப் பார்க்காமல் போய்வாருங்கள். அப்புறம், ராத்திரி பதினொரு மணிக்கு மெயில் அனுப்பாதீர்கள். உழைப்பாளி என்று யாரும் நினைக்கமாட்டார்கள், அந்நேரத்திலும் இவர் கிடைப்பார் என்றுதான் பழகிக்கொள்வார்கள்.

பண்ணைக் காற்று:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து மென்பொருள் வேலை. 2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது, ஜெனரேட்டருக்கு ஊற்ற எண்ணெயும் இல்லை. எந்த நேரம் கரண்ட் இருக்கும் என்று அட்டவணை வரும், அதை முதலே நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு அந்த நேரத்துக்குள் வேலையை முடிப்போம். மற்ற நேரம் செய்யக்கூடிய வேலைகளைத் தனியாகப் பிரித்து வைத்தோம். அந்தப் பழக்கம் இன்றைக்கும் உதவுகிறது: இணையம் வேண்டிய வேலை, வேண்டாத வேலை என்று காலையிலேயே பிரித்துவிடுவேன்.

கழுத்துவலி பற்றி டெல்டா அண்ணா எழுதியிருந்தார். நானும் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்துதான் தொடங்கினேன். லேப்டாப்பில் திரையும் விசைப்பலகையும் ஒட்டி இருப்பதுதான் சிக்கல். கைக்கு வசதியாக வைத்தால் திரை கீழே போய்க் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கும். தனி விசைப்பலகையும் மவுசும் வாங்கி, திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரும் வரை லேப்டாப்பை உயர்த்தினேன். முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கவேணும், பாதம் நிலத்தில் முழுதாகப் படவேணும். நல்ல கதிரை அதற்குப் பிறகு வாங்கினாலும் போதும். கண்ணுக்கு, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்தில் எதையாவது இருபது விநாடி பார்க்கச் சொல்வார்கள். என் மேசை யன்னலுக்குப் பக்கத்தில், ஒரு தென்னையைப் பார்ப்பேன்.

பின்னேரம் ஐந்தரைக்குப் பண்ணைக் கடலோரத்தில் நண்பர்கள் வந்து நிற்பார்கள். புதுவை அக்கா சொன்ன வேன் எனக்கு அதுதான்.

வட்டாட்சியர் தெரு:

வருமான வரி விஷயம் யாரும் தொடவில்லை. டெல்டாக்காரர் பழைய வரிமுறையில் இருந்தால் கவனிக்க வேண்டும். சென்னையில் குடியிருந்தவரை வீட்டு வாடகைப்படி விலக்குக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம் உச்ச வரம்பு, மன்னார்குடி என்றால் 40 தான். முகவரி மாறியதைச் சம்பளப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். வீடு அப்பா பெயரில் இருந்தால் அவருக்கு வாடகை கொடுத்துக் கழிக்கலாம், ஆனால் பணம் உண்மையாகவே அவர் கணக்குக்குப் போக வேண்டும், அவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் போனால் அவருடைய பான் எண் கேட்பார்கள். புதிய வரிமுறையில் இந்த விலக்கு கிடையாது.

கரண்ட் பில்லும் அப்படித்தான். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, 500 வரை உள்ளவர்களுக்குக் கிடைக்கும் குறைந்த கட்டணம் போய்விடும். பகல் முழுக்க ஏ.சி. போடுகிறவர்கள் மீட்டரை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கொளத்தூர் ஏரி:

தனி அறை இல்லாதவர்கள் பற்றியும் இரண்டு வரி. நாங்கள் ஐந்து பேர், ஒரு ஹால், ஒரு படுக்கையறை. தங்கை ஆன்லைன் வகுப்பில் இருப்பாள், அப்பாவுக்கு டிவி வேண்டும். துண்டு தொங்கவிடக் கதவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மடியில் லேப்டாப் வைத்துத்தான் முதல் வருஷம் ஓடியது. எங்கள் பகுதியில் 2024 நவம்பரில் 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்று திறந்தார்கள், படிப்பவர்களுக்கு ஓரிடம், வேலை செய்பவர்களுக்கு ஓரிடம். கட்டணம் குறைவு. வாரத்தில் சில நாள் அங்கே போய்விடுகிறேன். ஒவ்வொரு ஊரிலும் இப்படி ஒன்று வர வேண்டும். கம்பெனிகள் வாடகை, கரண்ட், டீ, காபி எல்லாம் மிச்சம் பிடித்துவிட்டு, இடமில்லாதவனுக்கு ஒரு மேசைக்குக்கூடப் பணம் தருவதில்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நேர்காணல் அறை:

கொளத்தூர் தம்பி சொல்வது முழுக்கச் சரி. கேளுங்கள். நாற்காலி, நெட் செலவுக்குத் தனித் தொகை கொடுக்கும் கம்பெனிகள் உண்டு, பல இடங்களில் கேட்டவர்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். நீங்கள் ஒருவராகக் கேட்பதைவிட டீமாகச் சேர்ந்து எழுதிக் கேட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

டெல்டாக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து எழுதுகிறேன், சிலதைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அப்பாவை அறைக்குக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பாதியில் தூங்கிவிட்டார், ஆனாலும் பலன் இருக்கிறது. மறுநாள் பெரியப்பா வந்தபோது, "அவன் ஆபீஸ்ல இருக்கான், ஆறு மணிக்கு மேல வா" என்று கீழேயே நிறுத்தியது அப்பாதான். சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லி, மதியம் நான் இறங்கும்போது உள்ளே எடுக்கிறேன். பேங்க், ரேஷன் எல்லாவற்றுக்கும் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. காபியை ஒரு ஃபிளாஸ்கில் காலையிலேயே நானே போட்டு மேலே எடுத்துப்போகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மனைவியை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை என்று அம்மாவே முடிவு செய்துவிட்டார்.

ஆறரைக்கு மகள் செருப்பு மாட்டிக்கொண்டு மாடி ஏறி வந்துவிடுகிறாள், ஹரித்ராநதிக் குளத்தை ஒரு சுற்று சுற்ற வேண்டும் அவளுக்கு. சில நாள் வேலை மிச்சம் இருக்கும், மனசு அங்கேயே நிற்கும். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. உறவினர்களில் இரண்டு பேருக்கு வருத்தம், மாடிக்கு விடவில்லை என்று. அது போகப் போகச் சரியாகலாம், ஆகாமலும் போகலாம்.

இன்வெர்ட்டர் அண்ணா, பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன். எதிர்சாரியில் நாலாவது வீட்டு மாடி. அவர்களிடம் இன்வெர்ட்டர் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்து அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கலாமா?

மாடி இன்வெர்ட்டர்:

வேண்டவே வேண்டாம் தம்பி. தெருவைத் தாண்டி வயர் இழுப்பது ஆபத்து, மின்வாரியமும் விடாது. கேபிள்காரரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்சின் அடாப்டரைப் பாருங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அதிலேயே எழுதியிருக்கும். 12 வோல்ட் என்றால் மோடத்துக்குச் சொன்ன அதே குட்டி யு.பி.எஸ் அதற்கும் போதும். 9 வோல்ட், 48 வோல்ட் என்றும் சிலது வரும், பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். தெருவில் அந்தப் பெட்டியிலிருந்து எத்தனை வீட்டுக்கு நெட் போகிறதோ அவர்கள் எல்லோரிடமும் பங்கு வாங்கினால் ஆளுக்குச் சொற்பத் தொகைதான் வரும். குட்டி யு.பி.எஸ் சில மணி நேரம்தான் தாங்கும், ஒரு நாள் முழுக்கக் கரண்ட் நிறுத்துகிற அன்றைக்குப் போன் சிம்மை வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படம் எடுத்து இங்கே போட்டால் எந்த மாடல் வாங்கலாம் என்று சொல்கிறேன்.